சி.ஏ. தேர்வு: பதிவு முதல் ரிசல்ட் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சி.ஏ. என்ற பட்டயக் கணக்காளர் படிப்பை முடித்துவிட்டு, வார இறுதிகளில் ஜூனியர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பாடத்தில் வரும் சந்தேகத்தைவிட, எப்போது பதிவு செய்வது, என்ன படிவம், எத்தனை மார்க் வேண்டும் என்று வரும் சந்தேகம்தான் அதிகம். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒரு தேதியைத் தவறவிட்டதால் நான்கு மாதம் சும்மா காத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால்தான் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் (ஐ.சி.ஏ.ஐ.) 2023 ஜூலை 1 முதல் கொண்டுவந்த புதிய பாடத்திட்டத்தை வைத்தே எல்லாப் பதிலும்.

அக்கா, சி.ஏ.ன்னா மொத்தம் எத்தனை எக்ஸாம்? காலேஜ்ல சேர்ற மாதிரி எங்க போய்ச் சேரணும்?

சேருவதற்கு என்று கல்லூரி எதுவும் கிடையாது. 1949-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் அமைந்த ஐ.சி.ஏ.ஐ. என்ற ஒரே அமைப்புதான் பதிவு செய்கிறது, பாடப் புத்தகம் தருகிறது, தேர்வு நடத்துகிறது, பட்டம் கொடுக்கிறது. தலைமையகம் டெல்லியில். நமக்கான தென் மண்டல அலுவலகம் சென்னையில். கோச்சிங் போவது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை.

படிகள் மூன்று. ஃபவுண்டேஷனில் 4 பேப்பர். இன்டரில், அதாவது இன்டர்மீடியட்டில், 6 பேப்பர், குரூப்புக்கு மூன்றாக இரண்டு குரூப். ஃபைனலிலும் அதேபோல 6 பேப்பர், இரண்டு குரூப். இன்டருக்கும் ஃபைனலுக்கும் நடுவில் இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஒரு சி.ஏ.விடம் வேலை பழகும் பயிற்சி.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்ல?

பண்ணலாம். ஆனால் ஒரு அட்டெம்ப்ட் போய்விடும். ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்யப் பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே போதும். தேர்வு எழுதத்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும்.

பதிவுக்கும் தேர்வுக்கும் நடுவில் நான்கு மாதப் படிப்புக் காலம் இருந்தாக வேண்டும் என்பது விதி. செப்டம்பர் தேர்வு எழுத மே 1-க்குள், ஜனவரி தேர்வு எழுத செப்டம்பர் 1-க்குள், மே, ஜூன் வாக்கில் நடக்கும் தேர்வு எழுத ஜனவரி 1-க்குள் பதிவாகியிருக்க வேண்டும். நம் மாநிலத்தில் பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம்தான் வருகிறது. அதுவரை காத்திருந்து மே 8-ம் தேதி பதிவு செய்தால் செப்டம்பர் கிடையாது, நேரே அடுத்த ஜனவரிதான். பொதுத் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலுக்குள் பதிவு செய்தவருக்கு செப்டம்பர் கிடைத்துவிடும். பெற்றோரிடம் இந்த ஒரு கணக்கை மட்டும் காட்டுங்கள், உடனே ஒப்புக்கொள்வார்கள்.

டிகிரி முடிச்சிருக்கேன். நானும் ஃபவுண்டேஷன்ல இருந்துதான் ஆரம்பிக்கணுமா?

வேண்டாம். வணிகவியல் பட்டதாரி 55 சதவீதமும், மற்றப் பட்டதாரிகள் 60 சதவீதமும் வைத்திருந்தால் நேரடியாக இன்டரில் பதிவு செய்யலாம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருக்கும்போதே தற்காலிகப் பதிவுக்கும் வழி உண்டு.

இன்டருக்குப் படிப்புக் காலம் எட்டு மாதம். எனவே மே தேர்வுக்கு முந்தைய செப்டம்பர் 1, செப்டம்பர் தேர்வுக்கு ஜனவரி 1, ஜனவரி தேர்வுக்கு முந்தைய மே 1 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேர்ல இனிஷியல் எப்படிப் போடறது? ஆதார்ல ஒரு மாதிரி, மார்க் ஷீட்ல ஒரு மாதிரி இருக்கு.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய தலைவலி. மார்க் ஷீட்டில் ‘கவிதா எஸ்’ என்று இருக்கும், ஆதாரில் ‘கவிதா செல்வராஜ்’ என்று இருக்கும், வங்கிக் கணக்கில் ‘எஸ் கவிதா’. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்தில் போடுங்கள். பட்டம் வாங்கும் வரை, உறுப்பினர் ஆகும் வரை அந்தப் பெயர்தான் கூடவே வரும். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால், பதிவுக்கு முன்பே ஆதாரைத் திருத்திக்கொள்வது சுலபம். சி.ஏ. பதிவான பிறகு பெயரைத் திருத்துவது அதைவிடப் பெரிய வேலை.

கையெழுத்திலும் கவனம் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்தாக ஏற்றிவிட்டு, தேர்வு அறையில் ஸ்டைலாகக் கிறுக்கினால் அட்மிட் கார்டில் இருப்பதோடு ஒத்துப்போகாது. ஒரே கையெழுத்தை முடிவு செய்து, அதிலேயே நில்லுங்கள்.

ரிஜிஸ்டர் பண்ணிட்டேன். அப்புறம் எக்ஸாமுக்குத் தனியா அப்ளை பண்ணணுமா?

ஆமாம், கட்டாயம். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ரிஜிஸ்ட்ரேஷன் வேறு, எக்ஸாம் ஃபார்ம் வேறு. முன்னது ஒருமுறை. பின்னது ஒவ்வொரு அட்டெம்ப்டுக்கும் புதிதாக நிரப்ப வேண்டும்.

இந்தியாவில் எழுதுவோருக்குத் தேர்வுக் கட்டணம் ஃபவுண்டேஷனுக்கு ரூ.1,500. இன்டரில் ஒரு குரூப்புக்கு ரூ.1,500, இரண்டுக்கும் சேர்த்து ரூ.2,700. ஃபைனலில் ஒரு குரூப் ரூ.1,800, இரண்டும் ரூ.3,300. கடைசித் தேதி தாண்டினால் தாமதக் கட்டணம் ரூ.600, அதுவும் சில நாட்களுக்குத்தான். படிவம் திறந்த முதல் வாரத்திலேயே நிரப்பிவிடுங்கள். கடைசி நாள் இரவில் பணம் மட்டும் கணக்கிலிருந்து போய், ரசீது வராமல் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். அனுப்பிய படிவத்தை பி.டி.எஃப். ஆக இறக்கி, குரூப், மையம், மொழி மூன்றையும் இன்னொரு முறை பாருங்கள். தவறு இருந்தால், விண்ணப்பத் தேதி முடிந்த பிறகு சில நாட்களுக்குத் திறக்கும் திருத்தச் சாளரத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அட்மிட் கார்டு தபாலில் வராது. நீங்களே இணையத்தில் இறக்கி, அச்செடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். தமிழ்ல எழுத முடியுமா? இல்லன்னா எனக்கு சி.ஏ. வருமா?

தமிழில் எழுத முடியாது. ஆங்கிலம், இந்தி என்ற இரண்டு மொழிகளுக்கு மட்டுமே அனுமதி. இது எனக்கும் வருத்தம்தான். ஆனால் இதற்காகப் பின்வாங்க வேண்டாம். நானும் தமிழ் மீடியம்தான்.

எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் பள்ளியில் படித்த சொல், வலப்பக்கம் தேர்வில் எழுத வேண்டிய சொல். பேரேடு என்றால் லெட்ஜர், குறிப்பேடு என்றால் ஜர்னல், தேய்மானம் என்றால் டிப்ரிசியேஷன், நற்பெயர் என்றால் குட்வில். இருப்புநிலைக் குறிப்பைப் போடத் தெரிந்தவருக்கு பேலன்ஸ் ஷீட் போடத் தெரியும். மாறுவது பெயர் மட்டும்தான். இரண்டு வாரத்தில் அந்த நோட்டைத் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

கஷ்டம் கணக்கில் வராது, சட்டப் பேப்பரில் வரும். அங்கே அலங்கார ஆங்கிலம் யாருக்கும் தேவையில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று முதல் பத்தி, கேள்வியில் நடந்தது என்ன என்று இரண்டாவது, ஆகவே முடிவு என்ன என்று மூன்றாவது. எட்டுப் பத்துச் சொல்லில் முடியும் சின்னச் சின்ன வாக்கியங்கள். சட்டத்தில் உள்ள முக்கியச் சொல்லை மட்டும் அப்படியே எழுதுங்கள், மற்றதை உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதுங்கள். தினம் ஒரு விடையைக் கையால் எழுதிப் பழகினால் நான்கு மாதத்தில் கை தானாகவே ஓடும். வாசித்து மட்டும் பழகியவர்களுக்கு அந்த ஓட்டம் வருவதில்லை.

ஃபவுண்டேஷன்ல தெரியாத கேள்விக்கும் ஏதாவது ஒண்ணை டிக் பண்ணிடலாமா?

எந்தப் பேப்பர் என்று பாருங்கள். கணக்கியல், வணிகச் சட்டம் ஆகிய முதல் இரண்டும் விரிவாக எழுதும் மூன்று மணி நேரத் தேர்வுகள். மூன்றாவதும் நான்காவதும், அதாவது கணிதம்-புள்ளியியலும் பொருளியலும், விடையைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு மணி நேரத் தேர்வுகள். இவற்றில் தவறான விடைக்குக் கால் மார்க் கழிப்பார்கள். 60 சரி, 40 தவறு என்றால் கையில் நிற்பது 50. நான்கு விடைகளில் இரண்டையாவது நிச்சயமாகத் தள்ள முடிந்தால் துணிந்து போடுங்கள். ஒன்றுமே பிடிபடவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இன்டரில் ஒவ்வொரு பேப்பரிலும் 30 மார்க் இதே வகைக் கேள்விகள்தான், ஆனால் அங்கே மைனஸ் கிடையாது. அங்கே ஒரு வட்டத்தைக்கூடக் காலியாக விடக் கூடாது.

பாஸ் மார்க் 40ஆ, 50ஆ? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும்தான். ஒவ்வொரு பேப்பரிலும் 40, அதோடு குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம், அதாவது 300-க்கு 150. ஃபவுண்டேஷனில் நான்குக்கும் சேர்த்து 200.

70, 55, 39 என்று வாங்கினால் மொத்தம் 164, ஆனாலும் ஃபெயில். 39 தடுக்கிறது. 40, 45, 50 என்றால் எல்லாவற்றிலும் 40 இருக்கிறது, மொத்தம் 135 என்பதால் அதுவும் ஃபெயில். எல்லாப் பேப்பரிலும் 40 எடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் இந்த இரண்டாவது வகையில்தான் மாட்டுகிறார்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு பேப்பரில் 65-க்கு மேல் குறிவைத்தே ஆக வேண்டும்.

இன்டர்ல ஒரு குரூப் எழுதறதா, ரெண்டும் சேர்த்து எழுதறதா?

விதிப்படி இரண்டும் சேர்த்து எழுதுவதில் ஒரு லாபம் உண்டு. ஆறு பேப்பரிலும் 40 இருந்து, மொத்தம் 600-க்கு 300 வந்துவிட்டால் இரண்டு குரூப்பும் பாஸ். முதல் குரூப்பில் 48, 45, 47 வாங்கி 140-ல் நிற்கிறீர்கள், இரண்டாவதில் 58, 57, 52 வாங்கி 167 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 307. முதல் குரூப்பைத் தனியாக எழுதியிருந்தால் ஃபெயில், சேர்த்து எழுதியதால் இரண்டும் கையில். இதைத்தான் செட்-ஆஃப் என்கிறார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய திட்டத்தில் ஒரு குரூப் முடித்தாலே ஆர்ட்டிகிள்ஷிப் சேரலாம். இப்போது இரண்டும் முடித்தால்தான் சேர முடியும். ஆகவே ஒவ்வொன்றாக எழுதுவதில் முன்பிருந்த அவசர லாபம் இல்லை. ஆனாலும் என் அபிப்பிராயம் இது: தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆறு பாடத்தையும் ஒரு முறையாவது முழுதாக முடித்திருந்தால் இரண்டும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒன்றை உருப்படியாக எழுதுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு நான் எப்போதும் ஒன்றுதான் சொல்வேன்.

எக்ஸாம் ஹாலுக்கு எத்தனை மணிக்குப் போகணும்? என்னென்ன கொண்டு போகலாம்?

தேர்வு மதியம் 2 மணிக்கு. மூன்று மணி நேரப் பேப்பர்களுக்கு 1.45 முதல் 2 வரை கேள்வித்தாளை வாசிக்க மட்டும் பதினைந்து நிமிடம் தருவார்கள். ஃபவுண்டேஷன் மூன்று, நான்காம் பேப்பருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு மணிக்கு வாசலில் இருங்கள். முந்தின நாளே ஒருமுறை மையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது இன்னும் நல்லது. ஒரே பெயரில் இரண்டு வளாகம் உள்ள கல்லூரிகள் நிறைய.

அட்மிட் கார்டு, அடையாள அட்டை, கறுப்பு மை பேனா நான்கு, கால்குலேட்டர். கால்குலேட்டர் பேட்டரியில் ஓடுவதாக, 12 இலக்கம் வரை உள்ள சாதாரண வகையாக இருக்க வேண்டும். சயன்டிஃபிக் கால்குலேட்டரை எடுத்துப்போய்ப் பறிகொடுத்துவிட்டு, கையால் வகுத்தவர்கள் உண்டு. வீட்டில் பழகிய அதே கால்குலேட்டரையே கொண்டுபோங்கள், புதிதில் பொத்தான் இடம் மாறியிருக்கும். போனும் ஸ்மார்ட் வாட்ச்சும் அறைக்குள் கூடவே கூடாது, அணைத்து வைத்திருந்தாலும்.

பேப்பர் மேல பிள்ளையார் சுழி போடலாமா அக்கா?

கூடாது. சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை இது, தயவுசெய்து கவனியுங்கள். விடைத்தாளில் கடவுள் பெயர், சமயக் குறி, வேண்டுதல், ‘பாஸ் போடுங்கள்’ என்ற வேண்டுகோள், எழுதியவர் யார் என்று அடையாளம் காட்டும் எதுவுமே முறைகேடாகக் கருதப்படும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தின் உச்சியில் ‘உ’ போட்டே பழகிய கை நமக்கு. யோசிக்கும் முன்பே போட்டுவிடும்.

ஒரு மாணவிக்கு அப்படித்தான் ஆனது. மேலே சுழித்த பிறகுதான் நினைவு வந்திருக்கிறது. மூன்று மணி நேரமும் அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்தே பதறியிருக்கிறாள். அதிலிருந்து என் பிள்ளைகளை வீட்டில் எழுதும் மாதிரித் தேர்விலேயே ‘உ’ போடாமல் எழுதச் சொல்கிறேன். மனதுக்குள் வேண்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

60 வாங்கினா அந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டாம்னு சொல்றாங்களே, அது எப்படி?

அதன் பெயர் எக்ஸெம்ப்ஷன். இன்டரிலும் ஃபைனலிலும் உண்டு. ஒரு குரூப்பின் எல்லாப் பேப்பரையும் எழுதி, குரூப் ஃபெயிலானாலும், 60-ம் அதற்கு மேலும் வாங்கிய பேப்பரை அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு எழுத வேண்டாம். முன்பு வருடத்துக்கு இரண்டு தேர்வு என்பதால் அந்த மூன்று அட்டெம்ப்ட் ஒன்றரை வருடம் வந்தது. இப்போது இன்டர் வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது, 2025 முதல் ஃபைனலும் அப்படியே. ஆக எக்ஸெம்ப்ஷன் ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும்.

பலருக்குத் தெரியாத நல்ல செய்தி: அந்த மார்க் குரூப் மொத்தத்திலும் சேரும். மேலே சொன்ன 70, 55, 39 பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 70 எக்ஸெம்ப்ஷன் ஆனது. அடுத்த முறை மற்ற இரண்டிலும் 40, 40 எடுத்தாலே 150 வந்து பாஸ். மூன்று அட்டெம்ப்டும் தீர்ந்த பிறகு அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அப்போது மீதிப் பேப்பர் ஒவ்வொன்றிலும் 40 போதாது, 50 வேண்டும். அதனால் எக்ஸெம்ப்ஷன் கிடைத்தவுடன் வரும் முதல் அட்டெம்ப்டிலேயே முடிக்கப் பாருங்கள்.

ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்ச உடனே ஃபைனல் எழுதலாமா?

உடனே இல்லை, இரண்டு வருடப் பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான். அந்த ஆறு மாதம் முழுக்கப் படிப்புக்கே கிடைக்கும் நேரம். என் காலத்தில் காலையில் ஆடிட் போய்விட்டு ராத்திரி படித்தோம், இது பெரிய வரம். ஆனால் அதற்குள் வேறு இரண்டு வேலைகளையும் முடித்திருக்க வேண்டும். ஒன்று, தகவல் தொழில்நுட்பமும் மென்திறனும் சார்ந்த உயர்நிலைப் பயிற்சி வகுப்பு. இன்னொன்று, இணையத்தில் நீங்களே படித்து எழுதும் நான்கு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் வேண்டும். இந்தத் தொகுதிகளை ஆர்ட்டிகிள்ஷிப் முதல் வருடத்திலேயே தொடங்குங்கள். கடைசி மாதத்துக்குத் தள்ளியவர்கள் ஃபைனல் பாடத்தைத் திறக்கவே முடியாமல் தவிக்கிறார்கள்.

ஃபைனல்ல ஒரு பேப்பர் புக்கைப் பார்த்தே எழுதலாமாம். அப்போ படிக்க வேண்டாமா?

ஆறாவது பேப்பர் அது. நான்கு மணி நேரம், புத்தகமும் நோட்டும் கொண்டுபோகலாம், மின்னணுக் கருவிகள் கூடாது. கேள்வி எல்லாம் ஒரு நிறுவனத்தின் முழுக் கதையாக வரும். அதில் கணக்கியல், தணிக்கை, வரி, நிதி எல்லாம் பின்னிக் கிடக்கும். எந்தப் பக்கத்தில் தேடுவது என்று தெரிவதற்கே மற்ற ஐந்து பேப்பரும் தெரிந்திருக்க வேண்டும். பத்துக் கிலோ புத்தகம் சுமக்காதீர்கள். நீங்களே எழுதிய குறியீட்டுப் பட்டியலோடு இரண்டு மூன்று நோட்டு போதும்.

39ல நிக்குது. ரிவேல்யுவேஷன் போட்டா ஏறுமா?

மறுமதிப்பீடு என்பதே சி.ஏ. தேர்வில் கிடையாது. இருப்பது சரிபார்ப்பு மட்டும்: எல்லா விடைக்கும் மார்க் போட்டிருக்கிறார்களா, கூட்டல் சரியா என்று பார்ப்பார்கள். பேப்பருக்கு ரூ.100. விடைத்தாள் நகல் வேண்டுமென்றால் பேப்பருக்கு ரூ.500. ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

சரிபார்ப்பை நம்பி உட்கார வேண்டாம். ஆனால் நகலை வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவேன். என் இன்டர் நகலை வாங்கிப் பார்த்தபோதுதான், விடை சரியாக இருந்தும் அதற்கு வந்த வழியைக் காட்டும் வொர்க்கிங் நோட்ஸ் எழுதாததால் மார்க் போனது தெரிந்தது. எனக்குப் பாடம் தெரியவில்லை என்று ஒரு மாதம் அழுதிருந்தேன். தெரிந்ததை நான் காட்டவில்லை, அவ்வளவுதான்.

முதல் பேப்பர் ரொம்ப மோசமா போச்சு. 40 வராது. மீதி ரெண்டையும் எழுதாம விட்டுட்டு அடுத்த தடவை நல்லா எழுதட்டுமா?

விடாதீர்கள். தேர்வு நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு எனக்கு வரும் போன் முக்கால்வாசி இதற்காகத்தான். மேலே எக்ஸெம்ப்ஷன் பதிலில் ‘எல்லாப் பேப்பரையும் எழுதி’ என்று சொன்னேன், அதைத் திரும்பப் படியுங்கள். ஒரு பேப்பருக்குப் போகாவிட்டாலும் மற்றதில் வாங்கிய 60 செல்லாது. கட்டிய கட்டணமும் அடுத்த முறைக்கு மாறாது.

தவிர, வராது என்று நினைத்த பேப்பரில் 44 வந்தவர்கள் எனக்குத் தெரிந்து ஏராளம். படிப்படியாகத் திருத்துகிறார்கள், கடைசி விடை தவறினாலும் நடுவில் செய்த வேலைக்கு மார்க் உண்டு. இன்றைக்கு யாரோடும் விடையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். சாப்பிட்டுத் தூங்குங்கள். காலையில் எழுந்து அடுத்த பேப்பரின் சுருக்கக் குறிப்பை எடுங்கள். ஒரு மணிக்கு வாசலில் நில்லுங்கள்.